ஈப்போ திடலில் ஒரு முழங்கால் வழக்கு



நம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகப் போவார்கள். தைப்பூசம் என்றால் கல்லுமலை. கல்யாணம் என்றால் லிட்டில் இந்தியாவில் சேலையும் மாலையும். உடம்புக்கு முடியவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரி. நான்காவது காரியம் ஒன்றும் இருக்கிறது. அதை வீட்டுப் பெண்கள் ஒரு காரியமென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பேராக் அரங்கத்தில் காற்பந்து பார்ப்பதுதான் அது. அங்கே போய் வந்த கதையை இம்முறை சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆட்டத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அதைப் பார்க்க வந்தவர்கள் பேசிய பேச்சுத்தான் என் மனத்தில் நிற்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய பெரிய சாலையில் தெற்கே வாருங்கள். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் பழைய சாலையில் போனால்தான் கிந்தாப் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரியும். கந்தானில் சுண்ணாம்புக்கல் மலை ஒரு பக்கம் பச்சையாகவும், வெட்டியெடுத்த பக்கம் வெள்ளையாகவும் நிற்கும். அதைத் தாண்டினால் செம்மோர். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும், செம்பனை நின்ற சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. வேனில் வரும் பெரியவர்கள் ஒரு பேரங்காடியைக் காட்டி, "இங்கதான் நான் பொறந்த லயம் இருந்திச்சு" என்பார்கள். பிள்ளைகள் பேரங்காடியைப் பார்ப்பார்கள். லயத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஈப்போ ஈயத்தால் வளர்ந்த ஊர். ஈயம் போன பிறகும் அதன் மிடுக்குப் போகவில்லை. 1917இல் கட்டி முடிக்கப்பட்ட இரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அங்கிருந்து சற்று நடந்தால் லாஹாட் சாலை, லிட்டில் இந்தியா. மல்லிகைப்பூ, ஊதுவத்தி, பலகாரக் கடை எல்லாம் அங்கே. அதே சாலை புந்தோங் பக்கம் போகிறது. புந்தோங் கச்சாங் பூத்தே நாடு முழுவதும் பெயர் பெற்றது. காற்பந்து பார்க்கப் போகும் எவரும் அதில் ஒரு பொட்டலம் வாங்காமல் போவதில்லை. குழு தோற்கிறபோது வாய்க்கு வேறு வேலை வேண்டும் அல்லவா?

பேராக் அரங்கம் 1965இல் கட்டப்பட்டது. பேராக் குழுவைக் காட்டெருது என்பார்கள், மலாயில் செலாடாங். நெற்றியில் கொம்போடு மஞ்சள் சட்டைக்காரர்கள் உள்ளே வந்தால் ஒரு காலத்தில் அரங்கமே எழுந்து நிற்கும். மலேசியக் கிண்ணத்தைப் பேராக் எட்டு முறை வென்றிருக்கிறது. 1970இல் வென்ற பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தோம். 1998இல் மறுபடி கிடைத்தது, 2000இலும் கிடைத்தது. 2002, 2003 இரண்டு ஆண்டும் லீக் பட்டமும் நமக்கே. 1998 இறுதியாட்டத்தின்போது நான் பள்ளிப் படிப்பை முடித்த பையன். தோட்டத்து மண்டபத்தில் தொலைக்காட்சிக்கு முன் நூறு பேராவது இருந்திருப்போம். பினால்டி உதையில் திரங்கானுவைத் தோற்கடித்தோம். 2018இலும் அதே திரங்கானு, அதே பினால்டி, அதே கிண்ணம். திரங்கானுக்காரர்கள் இன்றும் இதை மன்னிக்கவில்லை என்று கேள்வி.

அதோடு நல்ல காலம் முடிந்தது. சம்பள பாக்கி என்ற செய்தி பத்திரிகையில் அடிக்கடி வரத் தொடங்கியது. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு மாநிலங்களுக்குப் போனார்கள். கிண்ணம் வென்று மூன்றே ஆண்டுகளில், 2021இல், சூப்பர் லீக்கிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டோம். பிறகு ஒரு தனியார் நிறுவனம் குழுவை ஏற்று நடத்தியது. 2023இல் சூப்பர் லீக்கைப் பெரிதாக்கினார்கள். நாமும் மேலே வந்தோம். மேலே வந்தோமே தவிர, எழுந்து நிற்கவில்லை. நான் சொல்லப்போகும் பயணம் அந்த 2023ஆம் ஆண்டு நடந்தது.

ஐந்து பேர். வேன் ஓட்டியவர் எங்கள் தோட்டத்து லாரி அண்ணன். முன்னிருக்கையில் மாமா. அவர் எனக்குச் சொந்த மாமா அல்லர். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் மாமாதான். முப்பது ஆண்டுக்கு மேல் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் நானும், ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்த ஒரு தம்பியும். அந்தத் தம்பியின் அக்காவும் என் பழைய மாணவிதான். ஈப்போவில் ஒரு மருத்துவமனையில், அடிபட்டவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து லாஹாட் சாலையில் எங்களோடு சேர்ந்துகொண்டாள். ஆட்டம் இரவில், அதற்கு முன் பசியாறக் கடைக்குள் நுழைந்தோம்.

தேத்தண்ணி வருவதற்குள் வழக்கு தொடங்கிவிட்டது. லாரி அண்ணன் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "அந்தப் பின்காவல் பையன் இன்னிக்கும் இல்லையாம்" என்றார். பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

"இன்னிக்கும் காயமா?" என்றார் மாமா. "நாலு மாசமா காயம். போன வாரம் பேரங்காடியில ரெண்டு கையிலயும் பையைத் தூக்கிக்கிட்டு நடந்து போறத எங்க மருமவன் பாத்திருக்கான். பை தூக்குறவனுக்குப் பந்து ஒதைக்க முடியாதா? காயமாம் காயம்!"

பக்கத்து மேசையில் மஞ்சள் சட்டையோடு ஒரு மலாய்க்காரரும் ஒரு சீனரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தமிழ் அவர்களுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆட்டக்காரர் பெயர் விளங்கிவிட்டது. மலாய்க்காரர் திரும்பி ஒரே சொல் சொன்னார்: "மாலாஸ்!" சோம்பேறி என்று பொருள். சீனர் தலையை ஆட்டினார். மாமா அவருக்குக் கைகொடுத்தார். நம் நாட்டில் மூன்று இனமும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகும் காரியம் வேறு எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, அவருக்கு முழங்கால்ல என்ன ஆச்சுன்னு பத்திரிகையில போட்டிருந்தாங்களா?" என்று என் மாணவி கேட்டாள்.

"உள்ளார ஏதோ நரம்பு அறுந்திடுச்சாம்."

"நரம்பு இல்ல மாமா" என்றவள், எங்கள் பொட்டலத்தில் சுற்றியிருந்த ரப்பர் வளையங்கள் இரண்டை எடுத்து, மேல் ஒரு விரல் கீழ் ஒரு விரலாக வைத்துக் குறுக்கும் மறுக்குமாக மாட்டினாள். அவள் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன்.

முழங்கால் மூட்டுக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்துக் கட்டும் இரண்டு தசைநார்கள் பெருக்கல் குறிபோல் குறுக்காக ஓடுகின்றன. முன்னால் இருப்பது அறுந்தால், கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவப் பார்க்கும். இதற்கு எதிராளி இடிக்க வேண்டும் என்பதில்லை. ஓடி வந்தவர் பாதத்தை ஊன்றிச் சட்டென்று திரும்பினாலே போதும். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும். அறுந்த நாரை அப்படியே தைத்து விடுவது வழக்கமில்லை. ஆட்டக்காரரின் தொடைப் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு துண்டை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். கட்டிய நார் உடனே பலம் பெறாது. நேரே நடக்க சில வாரங்களில் முடியும். மாடிப்படி ஏறலாம், கடைக்குப் போய்ப் பை தூக்கலாம். ஆனால் வேகமாக ஓடி, நின்று, திரும்பி, குதிக்க ஒன்பது மாதமாவது வேண்டும். அதற்கு முன் ஆடினால் மறுபடி அறுகிற ஆபத்துப் பல மடங்கு. அப்படி அறுந்தவர்களை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"அதனாலதான் மாமா, அவரு பை தூக்கினதும் உண்மை, ஆட முடியாததும் உண்மை" என்றாள்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். பிறகு சொன்னார்: "எனக்கு முதுகு புடிச்சப்ப ஒன்பது மாசம் வீட்டுல படுத்தேனா? ஒரு நாள் பெரட்டுக்குப் போகாம இருந்தேனா? ஓலை முதுகுல விழுந்த மறுநாளே குலை வெட்டுனவன்மா நான். அவன் வாங்குற சம்பளத்துல பத்துல ஒரு பங்கு நான் வாங்கல."

இதை மாமா பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நெடிதாக வளர்ந்த மரத்தில் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுப்பது எப்படி என்று உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தை அண்ணாந்து, முதுகை வளைத்து, கம்பின் முழுப் பாரத்தையும் தோளில் வாங்கி இழுக்க வேண்டும். விழுகிற குலை இருபது இருபத்தைந்து கிலோ இருக்கும். அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் அவர் முதுகில் ஓலை விழுந்தது. டாக்டர் எம்.சி. எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாளே ஆள் வந்து, "எம்.சி. ராஜா எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் போகாது. அந்தப் பயத்தில் எழுந்து போனவர்தான் மாமா. எந்தத் தோட்டம், யார் கேட்டது என்பதெல்லாம் இப்போது வேண்டாம்.

ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு என்கிறது வேலைச் சட்டம். வேலையில் அடிபட்டு டாக்டர் நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. கொடுத்தால், கணக்கிட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோ தரும். இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டுக் களத்தில் கூடி நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களே, அந்தப் பார்வைக்கு எந்தச் சட்டத்திலும் விடுப்பு இல்லை. மாமா அந்தப் பார்வைக்குப் பயந்தார். அதே பார்வையைத்தான் இப்போது அந்தப் பின்காவல் பையன்மேல் வீசிக்கொண்டிருந்தார். இதைக் கடையில் வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாரி அண்ணனுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

"போனீங்க மாமா, யாரு இல்லன்னா? இப்ப வேன்ல ஏற எங்க கைய புடிக்கிறீங்க."

கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமா காசைக் கொடுத்தார். எல்லாருடைய காசையும் அவரே கொடுத்தார். அது அவர் கோபத்தின் அடையாளம்.

அரங்கத்தில் கூட்டம் குறைவு. காலி இருக்கைகளை எண்ணுவதைவிட ஆட்களை எண்ணுவது சுலபம். மாமா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். உதவிக்குப் போன தம்பியைக் கண்ணாலேயே தள்ளி நிற்க வைத்தார். புல்லின்மேல் விளக்கு வெளிச்சம் விழுந்து பச்சை மினுமினுத்தது. எத்தனை ஆண்டு பார்த்தாலும், அந்த முதல் பார்வையில் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்யும். மாமாவுக்கும் செய்திருக்க வேண்டும். உட்கார்ந்ததும் கோபமெல்லாம் மறந்து, "புல்ல நல்லா வெட்டியிருக்கான்" என்றார்.

நடுத்திடல் ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரக் காற்றிலும், இரவானாலும், ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகும். ஆட்டத்தின் கடைசி அரை மணியில் நம்மவர்கள் கால் இழுப்பதைப் பார்த்து, "உடம்பே இல்ல இவனுங்களுக்கு" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆட்டக்காரர்களில் உடம்பைப் பேணாதவர்களும் உண்டு. நடு இரவு மீ கோரேங்கும் சிகரெட்டுமாக இருப்பவர்களை மாநிலம் முழுதும் அறியும். எல்லாரும் புண்ணியவான்கள் என்று நான் வாதாட வரவில்லை.

இரண்டாம் பாதியில் நம் பக்கத்து முன்னணி ஆட்டக்காரர் பந்தைத் துரத்தி ஓடியவர், நடுவழியில் யாரும் தொடாமலே தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். "நாடகம்! நாடகம்!" என்று எங்கள் பக்கத்திலிருந்தே கூச்சல். காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் தங்கள் ஆளையே ஏசுவது காற்பந்தில் மட்டும் நடக்கும். என் மாணவி தலையில் கைவைத்துக்கொண்டாள். பின்தொடைத் தசை கிழிவது காற்பந்தில் மிகச் சாதாரணமாக வரும் தசைக் காயம். முழு வேகத்தில் ஓடும்போதுதான் பெரும்பாலும் வரும். ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதுவும் ஆறுவதற்கு முன் இறக்கிவிட்டால் சொல்லவே வேண்டாம். "இவரை இன்னைக்கு யாரு சார் எறக்கிவிட்டது? அதை யாரும் கேக்க மாட்டேங்கிறாங்களே" என்றாள்.

நல்ல கேள்வி. ஆட்கள் குறைந்த குழுவில், பத்துப் பேர் காயமென்று உட்கார்ந்தால், பாதி ஆறியவனைத்தான் பயிற்றுநர் இறக்குவார். வேறு யாரை இறக்குவார்? ஆட்டக்காரனும் மறுக்க மாட்டான். நம் நாட்டில் பலருக்கு ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குத்தான். காயமென்று உட்கார்ந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வருமோ வராதோ. சம்பளமே மூன்று மாதம் பாக்கியென்றால் அவன் எந்தக் கணக்கில் ஓடுவான்? சம்பளம் வராத ஆட்டக்காரர்களுக்காக அவர்களுடைய சங்கம் பல குழுக்களோடு பல ஆண்டுகளாக வழக்காடிக்கொண்டிருக்கிறது. லாரி அண்ணன் இதைத் தன் பாணியில் சொன்னார்: "டீசல் ஊத்தாம லாரி ஓடலன்னா டிரைவரையா அடிப்பீங்க?"

ஆனாலும் இரசிகர்களின் சந்தேகம் காற்றில் முளைத்ததல்ல. அதற்கு வேர் இருக்கிறது. 1994இல் வெடித்த சூதாட்ட ஊழலை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் தடை செய்யப்பட்டார்கள். நாம் தோளில் தூக்கிக் கொண்டாடியவர்களே காசு வாங்கிக்கொண்டு பந்தைத் தவற விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, வானொலிப் பெட்டியைக் காதோடு வைத்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நெஞ்சு கசந்துபோனது. அதற்குப் பிறகு யார் கோலைத் தவறவிட்டாலும், யார் நொண்டினாலும், "எவ்வளவு வாங்கினான்?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. மாமா அந்தத் தலைமுறை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வெளியே தெரியாத நோயைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மொக்தார் டஹாரியை அறியாதவர் உண்டோ? சிலாங்கூர்க்காரர், ஆகவே அந்நாளில் நமக்கு எதிரி. ஆனால் நாட்டுக்கு ஆடும்போது நம்மவர். காளைபோல் உடம்பு. அந்த உடம்பில் கடைசிக் காலத்தில் பலம் குறைந்துகொண்டே போனது. தசைச் சிதைவு நோய் என்றுதான் வெளியே சொன்னார்கள். 1991 ஜூலை 11இல், 37 வயதில், காலமானார். தசைகளை இயக்கும் நரம்புகளையே தின்னும் கொடிய நோய் அது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் மக்களுக்குத் தெரிய வந்தது. அப்படிப்பட்ட ஒருவர் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதே நமக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

திரும்பி வந்தவர்களும் உண்டு. பிரேசில் நாட்டு ரொனால்டோவின் முழங்கால் 1999 நவம்பரில் போனது. அறுவைக்குப் பிறகு 2000 ஏப்ரலில் ஆட வந்தார். வந்த சில நிமிடங்களில் அதே முழங்கால் மறுபடி போனது. இனி இவர் அவ்வளவுதான் என்றார்கள். 2002 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜெர்மனிக்கு எதிரான இரண்டு கோலையும் அடித்தவர் அவரே. அவருக்குக் காத்திருக்கப் பணம் இருந்தது, நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். ஒரு பருவ ஒப்பந்தக்காரனுக்கு யார் காத்திருப்பார்கள்?

அன்று தோற்றோம். எத்தனை கோல் என்பதை எழுதி உங்கள் மனத்தை வருத்த விரும்பவில்லை.

திரும்பும் வழியில் தம்பி தூங்கிவிட்டான். அக்கா எங்களோடு தோட்டத்துக்கு வந்தாள். மறுநாள் அவளுக்கு விடுமுறை. செம்மோர் தாண்டும்போது மாமா அவளிடம் மெதுவாகக் கேட்டார்: "ஒன்கிட்ட பந்து ஆடுறவனுங்கதான் நெறைய வருவானுங்களா?"

"இல்ல மாமா. ஆட்டக்காரங்க எப்பவாவது ஒருத்தர். முதுகு, தோள்பட்டைன்னு தோட்டத்து ஆளுங்கதான் நெறைய. எல்லாரும் லேட்டா வருவாங்க. உருவிப் பாத்து, எண்ணெய் போட்டுப் பாத்து, அப்புறம்தான் வருவாங்க."

இங்கே என் மாணவி சொன்ன ஒரு குறிப்பை உங்கள் வீட்டுக்காக எழுதி வைக்கிறேன். பிள்ளைகள் திடலில் கணுக்காலையோ முழங்காலையோ பிரட்டிக்கொண்டு வந்தால், உடனே சூடான எண்ணெய் போட்டு உருவாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் சூடும் வேண்டாம், அழுத்தி நீவுவதும் வேண்டாம்; உள்ளே கசியும் இரத்தத்தை அது அதிகப்படுத்தும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுங்கள். துணிப்பட்டையால் அளவாகக் கட்டி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். ஊன்றி நாலடி நடக்க முடியாவிட்டாலோ, சில மணி நேரத்திலேயே மூட்டுப் பந்துபோல் வீங்கினாலோ, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலும்பு முறிந்ததா, நார் அறுந்ததா என்பது உருவுகிறவர் கைக்குத் தெரியாது. கைராசிக்காரர்கள் என்மீது கோபிக்கக் கூடாது.

ஆட்டக்காரர்களுக்கு உடம்பில்லை என்ற பேச்சுக்கு மறுபடி வருகிறேன். உடம்பு பதினெட்டு வயதில் வருவதில்லை. எட்டு வயதில் வருகிறது. ஒரு காலத்தில் தோட்டம் என்றால் ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு திடல். மாலை நான்கு மணிக்குத் திடலில் பிள்ளைகள் இறங்கினால் இருட்டி, அம்மா குச்சியோடு வருகிறவரை ஏறுவதில்லை. பெருநாள் என்றால் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. நம்மிலிருந்து ஆறுமுகம் வந்தார். நீண்ட கைகளால் பந்தைப் பிடித்ததால் அவரைச் சிலந்தி மனிதன் என்று நாடே அழைத்தது. 1980இல் நம் நாடு ஒலிம்பிக் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர் அவர். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முதலாக நமக்குக் கொண்டுவந்த பயிற்றுநர் இராஜகோபால். இன்று என் பள்ளியில் ஆண்பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தாலும் பதினொரு பேர் கொண்ட குழு தேறாது. ஏழு பேர் ஆட்டத்துக்குத்தான் பெயர் கொடுக்கிறேன். குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. பழைய திடலில் பாதியில் செம்பனைக் கன்று நிற்கிறது. இருக்கிற ஏழு பேரையாவது ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, தசையைச் சூடேற்றிய பிறகே பந்தைக் கையில் கொடுக்கிறேன். அவர்கள் இதை வாத்தியார் கொடுக்கும் தண்டனை என்று நினைக்கிறார்கள்.

அந்தப் பயணத்துக்குப் பிறகும் மாமாவும் லாரி அண்ணனும் போய் வந்தார்கள். 2025 ஜூலையில் செய்தி வந்தது: பேராக் குழு லீக்கிலிருந்து விலகுகிறது. 2025-26 சூப்பர் லீக் பேராக் இல்லாமலே தொடங்கியது. எட்டு முறை கிண்ணம் வென்ற மாநிலத்தின் பெயர் பட்டியலில் இல்லை. பத்திரிகையில் அதைத் தேடிப் பார்த்த மாமா, அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தாராம்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாஹாட் சாலையில் அதே கடையில் மாமாவோடும் லாரி அண்ணனோடும் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் எதுவும் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய்க் காற்பந்தில் வந்து நின்றது. மாமா திடீரென்று கேட்டார்: "அந்த முழங்கால் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"செம்மோர் பக்கம் வாரக் கடைசியில ஏழு பேரு ஆட்டத்துல ஆடுறானாம். பகல்ல எங்கியோ கடையில வேலையாம்" என்றார் லாரி அண்ணன்.

"ஓடுறானா?"

"ஓடுறானாம்."

"திரும்புறானா?"

"அது தெரியல மாமா."

"போயிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார் மாமா. பிறகு, "வேணாம், நானும் வர்றேன்" என்றார்.